அட்டை போட்ட காதல் கதைகள்

காலேஜ் பஸ்ஸில் ஜன்னலோர சீட். மடியில் ஒரு புத்தகம். அதற்குச் செய்தித்தாளில் அட்டை போட்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் காஸ்ட் அக்கவுண்டிங் என்று நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு காதல் நாவல்!

பி.காம் கடைசி வருடம் படிக்கும் ஒரு பெண் இப்படியே ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்துக்கொண்டு வந்தாள். அதே பெண் துப்பறியும் நாவலுக்கு அட்டை போட்டதில்லை. பத்துப் பேரை வெட்டிச் சாய்க்கிற கதையை பஸ்ஸில் விரித்து வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்புகிற கதைக்குத்தான் மறைப்பு தேவைப்படுகிறது. வேடிக்கையான உலகம்!

"என்ன, லவ் ஸ்டோரியா?" என்று கேட்பவர்களின் குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். பெண்கள் படித்தால் 'கனவு காண்கிறாள்' என்பார்கள். பையன்கள் படித்தாலோ கேட்கவே வேண்டாம், அடுத்த மூன்று மாதத்துக்கு ஹாஸ்டலுக்கே பேச்சு அதுதான்.

சிரிப்பவர்கள் சொல்லும் காரணங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்று தேறும். ஒன்று, இது வெறும் டைம்பாஸ். இரண்டு, எல்லாம் ஒரே கதை, முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். மூன்று, இதையெல்லாம் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள். இந்த மூன்றில் எவ்வளவு உண்மை என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

இரண்டாவது குற்றச்சாட்டில் விஷயம் இருக்கிறது. லண்டனில் 1908இல் ஜெரால்டு மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் பலவகைப் புத்தகங்களையும் போட்டார்கள். 1930களில் காதல் கதைகள் பக்கம் முழுதாகத் திரும்பினார்கள். அதுதான் பழைய புத்தகக் கடைகளில் குவிந்து கிடக்கும் மில்ஸ் அண்ட் பூன். அழகான இளம்பெண், பணக்காரனான கொஞ்சம் முரட்டு ஆண், நடுவில் ஒரு தப்பபிப்பிராயம், கடைசியில் கல்யாணம். இந்த அச்சில் வார்த்த கதைகள் கணக்கில்லாமல் வந்தன. அமெரிக்காவின் காதல் கதை எழுத்தாளர் சங்கம் வைத்திருந்த இலக்கணமும் ஏறக்குறைய இதுதான். கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு விதி இருப்பது குற்றமா? துப்பறியும் கதையிலும்தான் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் பிடிபடுகிறான். அதைப் படிப்பவர்களை யாரும் கேலி செய்வதில்லை. விதி இருப்பதில் தவறில்லை. அந்த விதிக்குள் யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள், யாரையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வயதானவர்களுக்கு அந்த அச்சில் இடம் இல்லை. உடல் ஊனமுற்றவர்களுக்கு இடம் இல்லை. கூட்டத்தில் பேசத் தெரியாதவர்களுக்கு இடம் இல்லை. காதல் என்பது இருபத்திரண்டு வயதில், நல்ல உடம்போடும் நல்ல முகத்தோடும் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிற ஒரு சலுகை போல!

இந்த இருபத்தைந்து வருடங்களில் வந்த சில நாவல்கள் அந்த வாசலைத் திறந்துவிட்டிருக்கின்றன. அவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் மூன்று விதம்.

முதலாவது, கென்ட் ஹாரஃப் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'அவர் சோல்ஸ் அட் நைட்'. கொலராடோ மாநிலத்தில் ஹோல்ட் என்று ஒரு சின்ன ஊர், அவர் கற்பனையில் உருவாக்கியது. அங்கே எழுபது வயது ஆடி மூர் என்ற விதவை. அதே தெருவில் மனைவியை இழந்த லூயிஸ் வாட்டர்ஸ், ஓய்வு பெற்ற வாத்தியார். ஒரு நாள் சாயங்காலம் ஆடி அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஒன்று கேட்கிறாள். ராத்திரியில் என் வீட்டுக்கு வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு பேச முடியுமா என்று. உடல் உறவுக்காக இல்லை. ராத்திரிகள்தான் தாங்க முடியவில்லை, அதற்காக.

அவ்வளவுதான் கதையின் தொடக்கம். லூயிஸ் முதல் நாள் யார் கண்ணிலும் படாமல் பின்பக்கமாக வருகிறார். ஆடி அதை ஒப்புக்கொள்வதில்லை. முன்வாசல் வழியாக வரச் சொல்கிறாள். ஊர் பார்த்தால் பார்க்கட்டும். இருட்டில் படுத்துக்கொண்டு இருவரும் பேசுகிறார்கள். சின்ன வயதிலேயே கார் மோதி இறந்துபோன மகளைப் பற்றி ஆடி சொல்கிறாள். முன்னொரு காலத்தில் இன்னொரு பெண்ணுக்காக மனைவியை விட்டுப்போய்த் திரும்பி வந்ததை லூயிஸ் சொல்கிறார். யாரும் யாரையும் தீர்ப்பு சொல்வதில்லை.

நுரையீரல் நோயோடு இருந்த தன் கடைசி மாதங்களில் ஹாரஃப் இதை எழுதினார். 2014 நவம்பரில் அவர் இறந்துபோனார். நாவல் 2015இல் வெளிவந்தது. 2017இல் ஜேன் ஃபோண்டாவும் ராபர்ட் ரெட்ஃபோர்டும் நடித்துப் படமாகவும் வந்தது. அதை இயக்கியவர் 'த லஞ்ச்பாக்ஸ்' எடுத்த நம் ஊர் ரித்தேஷ் பத்ரா. மும்பையில் சாப்பாட்டு டப்பா மாறிப்போவதில் தொடங்கும் ஒரு நேசத்தை எடுத்தவருக்கு இந்தக் கதை பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, ஜப்பானிய எழுத்தாளர் ஹிரோமி கவகாமி எழுதி 2001இல் தானிசாகி பரிசு பெற்ற நாவல். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரேஞ்ச் வெதர் இன் டோக்கியோ' என்ற பெயரில் கிடைக்கிறது. சுகிகோ என்ற பெண்ணுக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஆபீஸ் வேலை, தனி வாழ்க்கை. ஒரு சின்ன மதுக்கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரும் அவள் ஆர்டர் செய்த அதே பதார்த்தங்களை ஆர்டர் செய்கிறார். பார்த்தால் பள்ளியில் ஜப்பானிய மொழிப்பாடம் எடுத்த ஆசிரியர். பெயர் சட்டென்று நினைவுக்கு வராததால் 'சென்செய்' என்று கூப்பிடுகிறாள். அதாவது 'ஸார்'. கடைசிவரை அதுவே பெயராகிவிடுகிறது.

ஆசிரியர், மாணவி என்றதும் பலருக்கு நெருடும். நெருடத்தான் வேண்டும். மார்க் போடுகிறவருக்கும் மார்க் வாங்குகிறவளுக்கும் நடுவில் காதல் என்று ஒரு கதை வந்தால் அதைச் சந்தேகத்தோடு படிப்பதுதான் சரி. இந்தக் கதை அப்படியில்லை. பள்ளி முடிந்து இருபது வருடங்களுக்குப் பிறகு இவர்கள் சந்திக்கிறார்கள். விருப்பத்தை முதலில் வாய்விட்டுச் சொல்கிறவள் அவள். அவர்தான் தயங்குகிறார். முப்பது வயதுக்கு மேல் வித்தியாசம், எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்ற கவலை அவருக்கு.

இந்த நாவலில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. காளான் பறிக்கப் போகிறார்கள். பேஸ்பால் அணி ஒன்றின் பேரில் சண்டை போட்டுக்கொண்டு கொஞ்ச காலம் பேசாமல் இருக்கிறார்கள் (நம் ஊராக இருந்தால் ஐ.பி.எல்!). தீர்ந்துபோன பேட்டரிகளைத் தூக்கிப்போட மனசு வராமல் சேர்த்து வைத்திருக்கிற மனிதர் அவர். தனக்காக உழைத்துத் தீர்ந்தவற்றை எறிவது அவருக்குப் பாவமாக இருக்கிறது. அந்த ஒரு இடத்தில் அந்த மனிதர் யார் என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

மூன்றாவது, ஹெலன் ஹோவாங் எழுதி 2018இல் வந்த 'த கிஸ் கோஷன்ட்'. காமர்ஸ் மாணவர்களுக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. கதாநாயகி ஸ்டெல்லா ஒரு எகனாமெட்ரீஷியன்! வாடிக்கையாளர்கள் எதை வாங்குவார்கள் என்று கணிக்கும் வேலை. எண்கள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மனிதர்கள்தான் புரியமாட்டார்கள். அவளுக்கு ஆட்டிசம் இருக்கிறது. முப்பது வயதாகிறது, கல்யாணம், பேரக்குழந்தை என்று வீட்டில் நச்சரிப்பு. சரி, தெரியாத பாடத்துக்கு டியூஷன் வைப்பதுபோல, பணம் வாங்கிக்கொண்டு பெண்களுக்குத் துணையாக வரும் மைக்கேல் என்பவனை நியமிக்கிறாள். இந்த நாவலில் வெளிப்படையான காட்சிகள் நிறைய உண்டு. அதைச் சொல்லாமல் சிபாரிசு செய்வது நியாயமில்லை. ஆனால் கதையின் உயிர் அங்கே இல்லை. தன்னைத் திருத்தப்பட வேண்டிய ஒரு பிழை என்று நம்பிக்கொண்டிருந்த பெண், திருத்த ஒன்றுமே இல்லை என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. எழுதியவருக்கே ஆட்டிசம் இருப்பது வளர்ந்து பெரியவரான பிறகு 2016இல்தான் உறுதியானது. ஸ்டெல்லாவின் தவிப்பு வெளியில் நின்று எழுதப்பட்டதாகத் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

இதுவரை எல்லாம் நல்லதாகவே போகிறது. அதற்காக 'வித்தியாசமான காதல்' என்று பின்னட்டையில் போட்டிருக்கும் எல்லாப் புத்தகங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாமா? கூடாது. அதற்கு ஒரு உதாரணமும் இருக்கிறது.

ஜோஜோ மோயஸ் எழுதிய 'மீ பிஃபோர் யூ' 2012இல் வெளிவந்து உலகம் முழுக்க விற்றது. விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன வில் என்ற பணக்கார இளைஞன். அவனைப் பார்த்துக்கொள்ள வரும் லூயிசா என்ற சாதாரணக் குடும்பத்துப் பெண். ஆறு மாதம். காதல் வருகிறது. ஆனால் வில் சுவிட்சர்லாந்து போய், சட்டம் அனுமதிக்கும் முறையில் உயிரை முடித்துக்கொள்கிறான். லூயிசாவுக்குப் பணம் வைத்துவிட்டுப் போகிறான், அவள் தன் வாழ்க்கையைப் பெரிதாக வாழவேண்டும் என்று.

படித்தவர்கள் அழுதார்கள். அழாமல் படிப்பது கஷ்டம்தான். ஆனால் 2016இல் அதன் திரைப்படம் வந்தபோது லண்டன் முதல் காட்சியில் மாற்றுத்திறனாளிகள் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கேள்வி எளிமையானது. சக்கர நாற்காலியில் இருப்பவனுக்குக் காதல் கிடைத்த பிறகும் சாவதுதான் நல்ல முடிவா? எங்களைப் போன்றவர்கள் வாழ்வதைவிட மற்றவர்களுக்கு வழிவிட்டுச் சாவதுதான் உருக்கமா?

வில்லின் உடம்பு, வில்லின் முடிவு, அதில் தலையிட யாருக்கு உரிமை என்று நாவலுக்காக வாதாடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. லூயிசாவும் வில்லின் அம்மாவும் அந்த முடிவை எதிர்த்துப் போராடுவதையும் நாவல் காட்டத்தான் செய்கிறது. ஆனாலும் ஒன்று இடிக்கிறது. அந்தக் கதையில் ஒரு மனிதன் இல்லாமல் போகிறான், கதை முடியும்போது அது லூயிசாவின் புது வாழ்க்கைக்கு முதலீடாக மாறியிருக்கிறது.

அக்கவுண்ட்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். நஷ்டம் வருவது தப்பில்லை, எந்தக் கம்பெனிக்கும் வரும். நஷ்டத்தை லாபம் போலக் காட்டுவதுதான் தப்பு. காதல் கதைக்கும் இதே விதியைப் போட்டுப் பார்க்கலாம். இந்தக் காதலில் யார் இழக்கிறார்கள்? அந்த இழப்பைக் கதை இழப்பு என்றே எழுதுகிறதா, இல்லை வண்ணத்தாள் சுற்றிப் பரிசாகக் கொடுக்கிறதா?

ஆடியின் கதைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். அதுவும் சந்தோஷமாக முடிவதில்லை. அவள் மகன் ஜீன், இந்த உறவை விடாவிட்டால் பேரனைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிடுகிறான். ஜீனும் வில்லன் இல்லை, சகோதரி செத்த நாளிலிருந்து ஆறாத காயத்தோடு இருப்பவன். ஆடி பேரனுக்காக விட்டுக்கொடுக்கிறாள். கடைசியில் இரண்டு பேருக்கும் மிஞ்சுவது ராத்திரி நேரத்து டெலிபோன் பேச்சு மட்டும். ஆனால் இதைத் தியாகம் என்று ஹாரஃப் கொண்டாடவில்லை. இரண்டு வயதானவர்களிடமிருந்து ஒன்று பிடுங்கப்பட்டது என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். சுகிகோவுக்கும் அப்படித்தான், சென்செய் போன பிறகு அவளிடம் இருப்பது அவருடைய காலிப் பெட்டி மட்டும். இந்தக் கணக்குகளில் பொய் இல்லை.

ஸ்டெல்லாவின் கதையில் சுபம். விதிப்படி முடிகிற கதைதானே என்று இலக்கியம் படிப்பவர்கள் உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் எல்லாக் கதைகளிலும் செத்துப்போய் மற்றவர்களை அழவைப்பதற்கே பயன்பட்டு வந்தவர்களுக்கு, ஒரு கதையில் உயிரோடு, விரும்பியவனோடு, தன் வேலையோடு கடைசிப் பக்கம் வரை இருப்பது புளித்துப்போன விஷயமா என்ன? அவர்களுக்கு அது புதுச் செய்தி.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' 1960களிலேயே புத்தகமாக வந்துவிட்டது. கும்பகோணத்தில் பாபு, அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா. வருடக்கணக்கான தவிப்புக்குப் பிறகு யமுனா கேட்கும் ஒரு கேள்வி அவன் தாகம் மொத்தத்தையும் சின்னதாக்கிவிடுகிறது. காத்திருந்தவன் கணக்கை மட்டும் எழுதாமல் அவள் கணக்கையும் எழுதிய நாவல் அது.

இப்போது முதலாவது, மூன்றாவது குற்றச்சாட்டுகளுக்கு வரலாம். டைம்பாஸா? படித்துவிட்டு அழுது, மூடி வைத்துவிட்டுப் போனால் டைம்பாஸ்தான். கெட்டுப்போவார்களா? கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது, ஆனால் பெரியவர்கள் பயப்படுகிற விதத்தில் இல்லை. புத்தகத்துக்குள் இருப்பவர்களுக்காகக் கண்ணீர் விட்டதே போதும், தான் நல்ல மனசுக்காரர்தான் என்று ஒருவர் நம்பிவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

அந்த பஸ் பெண்ணையே எடுத்துக்கொள்ளலாம். ஆடிக்காக அவள் ராத்திரி ஒரு மணிவரை அழுதாள். அதே வாரம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. மனைவி இறந்து ஏழு வருடமான ஒரு பேராசிரியர், ஐம்பத்தெட்டு வயதில், ரிஜிஸ்தர் ஆபீஸில் மாலையோடு நிற்கிறார். பக்கத்தில் அவர் வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. கீழே 'தாத்தாவுக்கு டும் டும் டும்' என்று ஒருவன் எழுதியிருந்தான். வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அவளும் ஒன்று போட்டாள். யோசிக்காமல் போட்டதுதான். ஆனால் ஹோல்ட் ஊரில் ஜன்னல் திரையை விலக்கி லூயிஸைப் பார்த்தவர்களும் ரொம்ப யோசித்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அவளுக்கு அது உறைக்க இரண்டு நாள் ஆனது. உறைத்ததும் அந்தப் பொம்மையை நீக்கினாள். யாரும் கவனிக்கவில்லை. அது ஒன்றும் புரட்சியும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தாத்தா போய் பதினோரு வருடம். "எப்பப் பாரு ஏதோ படிக்கிறியே, என்ன கதைடி அது?" என்று கேட்டாள். பேத்தி முதலில் மழுப்பினாள், பிறகு ஆடியின் கதையைச் சொன்னாள். எழுபது வயதுப் பெண் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதைச் சொல்லும்போது பாட்டி திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். பாட்டி திட்டவில்லை.

"அப்புறம் அந்தப் புள்ள ஒத்துக்கிட்டானா?"

"இல்ல பாட்டி."

"ஒத்துக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டாள் பாட்டி.

அந்த ஒற்றை வார்த்தையில் எவ்வளவு இருந்தது என்று பேத்திக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. ஆனால் பாட்டிக்கும் ராத்திரிகள் உண்டு என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

காதல் நாவல் படிப்பதால் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான். இது பரீட்சைக்கு உதவாது, கேம்பஸ் இன்டர்வியூவிலும் கேட்கமாட்டார்கள். ஆனால் வீட்டில் கல்யாணம் ஆகாமல் நாற்பதைத் தொட்ட அத்தையை, சக்கர நாற்காலியில் இருக்கும் சீனியரை, ஐம்பத்தெட்டில் மாலை மாற்றிக்கொண்ட ஸாரை, 'பாவம்' என்றோ 'கூத்து' என்றோ பார்க்காமல், ஆசைப்படும் உரிமையுள்ள மனிதர்களாகப் பார்க்க இந்தக் கதைகள் கொஞ்சம் பழக்குகின்றன. அப்படிப் பழக்காத கதை எவ்வளவு அழவைத்தாலும் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: ஹாரஃபின் நாவல் மிகச் சின்னது, எளிய ஆங்கிலம். இரண்டு பஸ் பயணங்களில் முடித்துவிடலாம். அரியர் வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் அதை முடித்துவிட்டு வரவும் :-)

அட்டை போடுவதும் போடாததும் அவரவர் வசதி. ஆனால் படித்து முடித்த பிறகு வீட்டில் யாராவது "என்ன கதை அது?" என்று கேட்டால் மழுப்பாமல் சொல்லிப் பாருங்கள். முக்கியமாக, கேட்பது பாட்டியாக இருந்தால்.